மலைப்பாதையும் காக்கிச் சட்டையும்: பிளவக்கல்லிலிருந்து ஒரு வரலாறு

இந்தக் கட்டுரையை எழுதக் காரணம் ஒரு அபராதம். சரியாகச் சொன்னால், கட்டாமல் தப்பித்த ஒரு அபராதம்.

செமஸ்டர் லீவில் நாங்கள் நான்கு பேர், இரண்டு பைக்கில் பிளவக்கல் அணைக்குப் போயிருந்தோம். அணையைப் பார்த்தோம், போட்டோ எடுத்தோம், கொண்டுபோன புளியோதரையைத் தின்றோம். அதோடு திரும்பியிருக்கலாம். யூடியூபில் பார்த்த ஆஃப்-ரோடு வீடியோக்கள் யாரைச் சும்மா விட்டது? மலையைப் பார்த்துப் போகும் ஒரு மண்பாதையில் வண்டியை விட்டோம். ஒரு கிலோமீட்டர் கூடப் போயிருக்க மாட்டோம். காக்கிச் சட்டை போட்ட ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எங்கப்பா கெளம்பிட்டீங்க?"

"சும்மா சார், மேல வரைக்கும் ஒரு ரவுண்டு."

"வழியில போர்டு இருந்துச்சே, பாத்தீங்களா இல்லையா?"

பார்த்தோம். பார்க்காத மாதிரி வந்தோம். அதை அவரிடம் சொல்லவில்லை.

இரண்டு வண்டியின் சாவியையும் வாங்கி வைத்துக்கொண்டார். "இவங்களுக்கு வேற வேலையே இல்லையாடா" என்று நண்பன் ஒருவன் முணுமுணுத்தது அவர் காதில் விழுந்துவிட்டது. சரி, இன்றைக்குச் செலவு இருக்கிறது என்று நினைத்தேன். அவர் கோபப்படவில்லை. மலை உச்சியைக் காட்டி, "இப்ப மேல மழை பேயுதா இல்லையா, சொல்லு பாப்போம்" என்றார்.

எங்கள் தலைக்கு மேல் வெயில். மேலே மேகம் மூடியிருந்தது. யாருக்கும் தெரியவில்லை.

"எனக்கும் தெரியாதுப்பா. அதனாலதான் இங்க நிக்கிறேன்" என்றார். பெயர், ஊர், வண்டி நம்பர் எழுதிக்கொண்டு, அரை மணி நேரம் நிற்க வைத்துவிட்டு சாவியைத் திருப்பிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வி மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. கூடவே வேறு சில கேள்விகளும். எங்கள் ஊர் மலைக்குள் போக நாங்கள் ஏன் அனுமதி கேட்க வேண்டும்? எப்போதிலிருந்து இப்படி? இந்தச் சட்டமெல்லாம் உண்மையில் யார் உயிரையாவது காப்பாற்றியிருக்கிறதா? தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தண்ணீர் வரும் வழி

முதலில் பிளவக்கல் தெரியாதவர்களுக்கு ஒரு அறிமுகம். விருதுநகர் மாவட்டத்தில் வத்திராயிருப்பு பக்கம், மேற்குத் தொடர்ச்சி மலையின் காலடியில் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களும் ராஜபாளையத்துக்காரர்களும் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வருகிற இடம். இங்கே அணை ஒன்றல்ல, இரண்டு. ஒன்று பெரியாறு அணை, இன்னொன்று கோவிலாறு அணை. (பெரியாறு என்றதும் முல்லைப் பெரியாற்றை நினைக்க வேண்டாம். அது வேறு, இது எங்கள் ஊர்ப் பெரியாறு!) இரண்டுமே சின்ன அணைகள்தான். பெரியாறு அணையின் உயரம் சுமார் 47 அடி, கோவிலாறு சுமார் 42 அடி. வத்திராயிருப்பைச் சுற்றியுள்ள கண்மாய்களும் வயல்களும் இந்தத் தண்ணீரை நம்பித்தான் இருக்கின்றன.

இந்தப் பக்கத்து மலை செங்குத்தானது. கேரளப் பக்கம் போல வருடம் முழுக்க ஓடுகிற ஆறுகள் இங்கே குறைவு. பத்து மாதம் ஓடை வெறும் பாறையாகக் கிடக்கும். அதனால் ஓடையையே பாதையாகப் பயன்படுத்துவது பழக்கம். உச்சியில் இரண்டு மணி நேரம் அடித்துப் பெய்தால் போதும், அந்தத் தண்ணீர் மொத்தமும் குறுகலான ஓடைகள் வழியாகக் கீழே பாயும். கீழே நிற்கிறவனுக்கு ஒரு சொட்டு மழை கூட விழுந்திருக்காது. இதைத்தான் காட்டாறு என்று நம் பெரியவர்கள் பெயர் வைத்தார்கள்.

ராஜபாளையம் அய்யனார் கோவில் ஆற்றைத் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. சாமி கும்பிட ஆற்றைக் கடந்து போயிருப்பார்கள். திரும்பும்போது ஆற்றில் இடுப்பளவு தண்ணீர். தீயணைப்புத் துறையினர் கயிறு கட்டி அவர்களைக் கரை சேர்த்ததாகச் செய்தி வரும். கொஞ்ச நாள் கழித்து அதே செய்தி மறுபடியும் வரும்.

ஆக, அந்தக் காவலர் கேட்ட கேள்வி சும்மா கேட்டதில்லை. எங்கள் மலையில் உயிர் போவதற்கும் பிழைப்பதற்கும் நடுவில் இருப்பது அந்த ஒரு தகவல்தான்.

சட்டம் வருவதற்கு முன்

சட்டம் வருவதற்கு வெகு காலம் முன்பே பாதைகள் இருந்தன. யார் போட்ட பாதைகள்? மூன்று வகை மனிதர்களைச் சொல்லலாம்.

முதலாவது பளியர் பழங்குடியினர். செண்பகத்தோப்பு, அத்திகோவில், தாணிப்பாறை, அய்யனார் கோவில் என்று மலையடிவாரம் நெடுக இன்றும் இருக்கிறார்கள். தேன், கிழங்கு, கல்பாசி எடுக்க அவர்கள் போன தடங்கள்தான் பல பாதைகளுக்கு அடிப்படை. இரண்டாவது மலைமாடு மேய்ப்பவர்கள். வத்திராயிருப்புப் பக்கம் மலைமாடு என்று ஒரு நாட்டு மாட்டு வகையே உண்டு. மந்தை மந்தையாக மலைக்குள் ஓட்டிப்போய்க் கிடை போட்டு மேய்ப்பார்கள். சதுரகிரிப் பாதையில் 'சின்னப் பசுக்கிடை' என்று ஒரு இடத்துக்குப் பெயரே இருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது பக்தர்கள். சதுரகிரி சுந்தர மகாலிங்கம், சந்தன மகாலிங்கம் கோவில்களுக்குப் போகிற கூட்டம். நம் பக்கம் தாணிப்பாறையிலிருந்து ஏறுவார்கள். மதுரை மாவட்டம் சாப்டூர் பக்கமிருந்து ஒரு வழி, தேனி மாவட்டம் வருசநாட்டுப் பக்கமிருந்து ஒரு வழி என்று வேறு வழிகளும் உண்டு. தாணிப்பாறை வழியில் வரும் இடங்களின் பெயர்களைக் கேளுங்கள்: மாங்கனி ஓடை, வழுக்குப்பாறை, சங்கிலிப்பாறை. வழுக்குகிற பாறைக்கு வழுக்குப்பாறை என்றும், சங்கிலியைப் பிடித்து ஏற வேண்டிய பாறைக்குச் சங்கிலிப்பாறை என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு இது அந்தக் காலத்து எச்சரிக்கைப் பலகை மாதிரித் தோன்றுகிறது. படிக்கத் தெரியாதவனுக்கும் புரியும் பலகை.

ஆனால் இது எல்லாம் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. அந்தக் காலத்திலும் காட்டாறு ஆளை அடித்துக்கொண்டு போயிருக்கும். பத்திரிகையும் இல்லை, கணக்கும் இல்லை, அவ்வளவுதான்.

1882: காடு யாருடையது?

ஆங்கிலேயர் ஆட்சியில் 1878-ல் இந்திய வனச் சட்டம் வந்தது. ஆச்சரியமான விஷயம், மெட்ராஸ் மாகாணம் அதை ஏற்கவில்லை. காடுகளில் கிராமத்து மக்களுக்கு நெடுங்கால உரிமை இருக்கிறது, அதை அரசு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்று இங்கிருந்த வருவாய் வாரியமே வாதிட்டது. இந்த இழுபறியைத் தீர்க்க டீட்ரிக் பிராண்டிஸ் என்ற ஜெர்மானிய வன அதிகாரி மெட்ராஸுக்கு வந்தார். முடிவில் 1882-ல் மெட்ராஸ் வனச் சட்டம் என்று தனியாக ஒன்று பிறந்தது. அதே சட்டம்தான் தமிழ்நாடு வனச் சட்டம், 1882 என்ற பெயரில் இன்றும் அமலில் இருக்கிறது!

காப்புக்காடு என்று அறிவிக்கப்பட்ட இடத்தில் அத்துமீறி நுழைவது, தீ மூட்டுவது, மாடு மேய்ப்பது, மரம் வெட்டுவது எல்லாம் இந்தச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி குற்றம். குற்றத்துக்குப் பயன்பட்ட கருவிகளையும் வண்டிகளையும் மாடுகளையும் பிடித்து வைக்கவும் அதிகாரம் உண்டு. அன்றைக்கு அது மாட்டு வண்டிக்காக எழுதப்பட்டது. எங்கள் பைக் சாவி அந்தக் காவலரின் சட்டைப் பைக்குள் போன கதை அங்கேதான் தொடங்குகிறது.

ஒன்றைக் கவனியுங்கள். இந்தச் சட்டம் மனித உயிரைக் காக்க வந்ததில்லை. வேகமாகப் பரவிக்கொண்டிருந்த ரயில் பாதைகளுக்குத் தண்டவாளக் கட்டை வேண்டும், எஞ்சினுக்கு விறகு வேண்டும், அரசுக்கு வருமானம் வேண்டும். மலையில் நடந்தவன் ஒரே நாளில் 'அத்துமீறியவன்' ஆனான். இந்தக் கோபம் சும்மா அடங்கவில்லை. அன்றைய மெட்ராஸ் மாகாணத்தில் இருந்த பல்நாடு பகுதியில் (இப்போது ஆந்திரா) 1921-ல் மேய்ச்சல் வரி கட்ட மாட்டோம் என்று வன சத்தியாகிரகம் நடந்தது. அதை நடத்திய கன்னெகண்டி ஹனுமந்து 1922-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். வனத்துறைக்கும் மலையடிவாரத்து மக்களுக்கும் நடுவில் இன்றும் இருக்கிற சந்தேகத்தின் வேர் இந்தக் காலத்தில்தான் இருக்கிறது.

அணிலுக்காக, பிறகு புலிக்காக

அடுத்த மாற்றம் 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். இதன் நோக்கம் மரம் இல்லை, விலங்கு. 1988-ல் எங்கள் மலை ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு சுமார் 485 சதுர கிலோமீட்டர். ஒரு அணிலுக்கா இவ்வளவு காடு என்று கேட்காதீர்கள். இது மரத்துக்கு மரம் தாவி, கிளைகளில் கூடு கட்டி வாழ்கிற பெரிய அணில். காடு நடுவில் அறுந்துபோனால் அதற்கு வழி கிடையாது. 2021 பிப்ரவரியில் இந்தச் சரணாலயமும் மேகமலை சரணாலயமும் சேர்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் ஆனது. தமிழ்நாட்டின் 5-ஆவது புலிகள் காப்பகம், இந்தியாவில் 51-ஆவது. பரப்பு சுமார் 1016 சதுர கிலோமீட்டர்.

1972 சட்டத்தின் 27-ஆம் பிரிவுப்படி சரணாலயத்துக்குள் அனுமதி இல்லாமல் நுழையக்கூடாது. ஆராய்ச்சி, புகைப்படம், சுற்றுலா போன்ற காரணங்களுக்கு அனுமதிச் சீட்டு தர 28-ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. 30-ஆம் பிரிவு தீ மூட்டுவதைத் தடுக்கிறது. அபராதமும் சின்னத் தொகை இல்லை. முன்பு பொதுவான மீறல்களுக்கு 25,000 ரூபாய் வரை என்று இருந்த உச்சத் தொகையை 2022-ல் வந்த திருத்தம் 1 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. சிறைத் தண்டனையும் உண்டு, 3 ஆண்டு வரை. இதைப் படித்தபோது அந்தக் காவலருக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன் :-)

அதாவது 1882 சட்டம் மரத்துக்காக வந்தது. 1972 சட்டம் விலங்குக்காக வந்தது. பாதையில் நடக்கிற மனிதனின் உயிர் எப்போது கணக்கில் வந்தது? அதற்கு இரண்டு விபத்துகள் நடக்க வேண்டியிருந்தது.

2015: அமாவாசை வெள்ளம்

2015 மே மாதம், அமாவாசை தரிசனத்துக்காகச் சதுரகிரியில் ஏராளமான பக்தர்கள் இருந்தார்கள். மே என்றால் கத்திரி வெயில். ஐப்பசி, கார்த்திகையில் ஓடையைப் பார்த்துப் பயப்படுகிற ஊர்க்காரர் கூட வைகாசியில் பயப்பட மாட்டார். கோடை மழை உச்சியில் கொட்டியது. பாதையைக் குறுக்கே வெட்டும் ஓடைகளில் திடீரென்று வெள்ளம் பாய்ந்தது. இறங்கிக்கொண்டிருந்தவர்களில் பலர் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். ஏராளமானோர் நடுவில் மாட்டிக்கொண்டு, கயிறு கட்டி மீட்கப்பட்டார்கள்.

அதன் பிறகு கட்டுப்பாடுகள் இறுகின. மாதத்தில் அமாவாசையை ஒட்டி 4 நாள், பௌர்ணமியை ஒட்டி 4 நாள், ஆக 8 நாள் மட்டுமே மலையேற அனுமதி என்ற முறை பல வருடங்கள் நடந்தது. இரவில் தங்கக்கூடாது. குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு ஏறக்கூடாது. மழை எச்சரிக்கை இருந்தால் அந்த நாளும் ரத்து. பக்தர்களுக்குக் கோபம். வெளியூரிலிருந்து வேன் பிடித்து வந்து தாணிப்பாறை கேட்டில் நின்று சண்டை போடுவார்கள். "சாமி கும்பிட உங்ககிட்ட பர்மிஷன் வாங்கணுமா" என்பார்கள். அந்தக் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. கோவில் அறநிலையத்துறையிடம், பாதை வனத்துறையிடம், கோவில் இருப்பது மதுரை மாவட்ட எல்லையில், ஏறும் வழி விருதுநகர் மாவட்டத்தில். பக்தன் யாரிடம் போய்க் கேட்பது? 2025-ல்தான், நீதிமன்றம் வரை போன பிறகு, தினமும் காலையில் ஏறி மாலைக்குள் இறங்கிவிடலாம் என்று அனுமதி கிடைத்தது.

2018: குரங்கணி

இரண்டாவது விபத்து உங்கள் எல்லோருக்கும் தெரியும். 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் போடி அருகே குரங்கணி மலையில் காட்டுத்தீ. சென்னையிலிருந்து ஒரு குழுவும், ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்து ஒரு குழுவும் மலையேற்றத்துக்குப் போயிருந்தன. மொத்தம் 36 பேர். காய்ந்த புல்லில் தீ காற்றோடு ஓடியது. தப்பித்து ஓடியவர்களில் சிலர் பள்ளத்தில் விழுந்தார்கள். உள்ளூர் மக்கள்தான் முதலில் மேலே ஓடினார்கள். மறுநாள் விமானப்படை ஹெலிகாப்டர்களும் வந்தன. மருத்துவமனையில் இறந்தவர்களையும் சேர்த்துப் பலி எண்ணிக்கை 23 ஆனது. பெரும்பாலும் இளைஞர்கள். நம்மைவிட நான்கைந்து வயது மூத்தவர்கள்.

குரங்கணியில் அனுமதி, பாதை என்று பல கேள்விகள் எழுந்தன. அரசு அதுல்ய மிஸ்ரா என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரியை விசாரணைக்கு நியமித்தது. அதே வருடம் மலையேற்றத்துக்கென்றே தனி விதிகள் வந்தன. எளிது, நடுத்தரம், கடினம் என்று பாதைகளைப் பிரித்து, முன் அனுமதி கட்டாயம் ஆனது.

மார்ச் மாதம் காட்டில் தீப்பிடிக்கும் என்பது மாடு மேய்க்கிற எந்தப் பெரியவருக்கும் தெரியும். வைகாசி மழையை நம்பக்கூடாது என்பது எந்தப் பளியருக்கும் தெரியும். இரண்டு விபத்திலும் இந்த அறிவு மலையிலேயே இருந்தது. ஆனால் மேலே ஏறிய வெளியூர்க்காரருக்கு அது போய்ச் சேரவில்லை. சேர்க்கிற ஆள் யாரும் பாதையில் இல்லை. சட்டம் கேட்டோடு நின்றுவிட்டது.

பனியில் ஓடும் பைக்

வழிமறிப்பதைத் தவிர வேறு முறையே கிடையாதா என்று தேடியபோது எங்கேயோ கனடாவுக்குப் போய்விட்டேன். அங்கே பனிக்காலத்தில் ஸ்னோமொபைல் ஓட்டுவார்கள். முன்னால் இரண்டு சறுக்குக் கட்டை, பின்னால் ரப்பர் பட்டை, நடுவில் பைக் மாதிரி இருக்கை. இதை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் கியூபெக்கைச் சேர்ந்த ஜோசப்-ஆர்மான் பொம்பார்டியே. 1934-ல் அவருடைய இரண்டு வயது மகன் நோயில் இறந்துபோனான். பனி மூடிய சாலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. அதன் பிறகுதான் பனியில் ஓடும் வண்டியை அவர் முடித்துக் காட்டினார். முதலில் வந்தவை பலர் உட்காரும் பெரிய வண்டிகள். 1959-ல் 'ஸ்கீ-டூ' என்ற சின்ன வண்டி வந்ததும் அது விளையாட்டாக மாறியது. உயிர் காக்கப் பிறந்த வண்டியில் உயிர்கள் போக ஆரம்பித்தன. மெல்லிய பனிக்கட்டி உடைந்து ஏரிக்குள் விழுவது, இரவில் வேகம், குடித்துவிட்டு ஓட்டுவது, இந்த மூன்றும்தான் அங்கே திரும்பத் திரும்ப வரும் காரணங்கள்.

ஒண்டாரியோ மாகாணத்தில் இதை எப்படிக் கையாள்கிறார்கள்? ஹெல்மெட் கட்டாயம். பாதையில் வேக வரம்பு மணிக்கு 50 கிலோமீட்டர். குடித்து ஓட்டினால் கார் ஓட்டுகிறவனுக்கு உள்ள அதே சட்டம். இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. பாதைகளைப் பராமரிப்பது ஊர் ஊராக இருக்கும் ஓட்டுநர் சங்கங்கள். ஓட்டுகிறவன் வருடா வருடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். அந்தப் பணம் பாதைக்கே போகிறது. போலீஸோடு சேர்ந்து, பயிற்சி பெற்ற தன்னார்வலர்களும் பாதையில் ரோந்து போகிறார்கள். பாதையில் பெரும்பகுதி தனியார் நிலம் வழியாகப் போகிறது. விவசாயி மனது வைத்தால்தான் பாதை. ஒருவன் வயலில் தாறுமாறாக ஓட்டினால் அடுத்த வருடம் அந்தப் பாதையே எல்லோருக்கும் மூடிவிடும். அதனால் ஓட்டுகிறவர்களே ஒருவரையொருவர் கண்டிக்கிறார்கள்.

அங்கேயும் எல்லாம் சுமுகம் இல்லை. 2004-ல் கியூபெக்கில் பாதையோரம் குடியிருந்தவர்கள் சத்தமும் புகையும் தாங்கவில்லை என்று போட்ட வழக்கில் நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. எங்கள் மலையில் பாதையோரம் குடியிருப்பது அணிலும் யானையும். அவை கோர்ட்டுக்குப் போக முடியாது. ஆகவே, பைக் விஷயத்தில் என் கருத்து மாறிவிட்டது. கனடா மாதிரி சங்கம் வைத்துக் காட்டுக்குள் பைக் விடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. புலிகள் காப்பகத்துக்குள் வேடிக்கைக்காக வண்டி ஓட்டக்கூடாது, அவ்வளவுதான். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில், 2022-ல் வாகமண் தேயிலைத் தோட்டத்தில் நடந்த ஆஃப்-ரோடு ஓட்டத்தில் கலந்துகொண்ட பிரபல நடிகர் ஒருவர் மேலேயே வழக்கு வந்தது. அது காடு கூட இல்லை, தோட்டம். நாங்கள் நான்கு பேர் எம்மாத்திரம்!

கனடாவிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வண்டியை அல்ல. பாதையைத் தெரிந்தவனே பாதையில் காவல் இருப்பது, கட்டுகிற பணம் பாதைக்கே திரும்புவது. இந்த இரண்டும்தான்.

கேட்டிலிருந்து பாதைக்கு

அப்படி ஒரு மாற்றம் இங்கேயும் தொடங்கியிருக்கிறது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற திட்டத்தைத் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள். இணையத்தில் பதிவு செய்து, பணம் கட்டிப் போக வேண்டும். கூட வருகிற வழிகாட்டிகளில் பழங்குடி இளைஞர்களும் மலையடிவாரத்து இளைஞர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயிற்சியும் கொடுக்கிறார்கள். தீக்காலத்தில் பாதைகள் மூடப்படுகின்றன. 1882-ல் 'அத்துமீறியவன்' என்று பெயர் வாங்கியவனின் பேரன், இன்று அரசுச் சீருடையில் முன்னால் நடக்கிறான். நூற்று நாற்பது வருடத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

ஆனாலும் ஒரு உறுத்தல் இருக்கிறது. 2006-ல் வந்த வன உரிமைச் சட்டம், காட்டை நம்பி வாழ்பவர்களுக்குத் தேன் போன்ற சிறுவனப் பொருட்களை எடுக்கவும், பாரம்பரிய மேய்ச்சலுக்கும் உரிமை இருப்பதாக ஏற்றுக்கொண்டது. 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம், காடுகளில் மாடு மேய்ப்பதற்குத் தடை விதித்தது. அதே மாதத்திலேயே அந்த உத்தரவு மாற்றப்பட்டு, தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் என்று சுருங்கியது. எங்கள் மலையோ முழுக்கப் புலிகள் காப்பகம். மலைமாடு வைத்திருப்பவர் என்ன செய்வார்? பணம் கட்டி வருகிற நகரத்துக்காரருக்குக் கேட் திறக்கிறது, பரம்பரையாகப் போனவருக்கு மூடுகிறது என்றால் அந்த 1882 கோபம் எப்படி ஆறும்? காட்டுக்கு ஓய்வு வேண்டும் என்பதும் உண்மை, அவர் பிழைப்பும் உண்மை. இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் மழையும் தீயும் எப்போது வரும் என்று சொல்லக்கூடிய கடைசி ஆட்கள் இவர்கள். இவர்களை மலையை விட்டு இறக்கிவிட்டால், அடுத்த 2015-ல் யார் நமக்கு வழி சொல்வார்கள்?

சட்டம் உயிரைக் காப்பாற்றியிருக்கிறதா என்று ஆரம்பத்தில் கேட்டேனே. நான் படித்த வரை பதில் இதுதான். வெறும் கேட்டும் அபராதமும் போதவில்லை. சட்டத்தின் கூடவே மலையைத் தெரிந்த ஒரு ஆள் நிற்கும்போதுதான் அது உயிரைக் காக்கிறது. எங்களை நிறுத்தியவர் சட்டப் பிரிவு எதையும் சொல்லவில்லை. மழையைப் பற்றித்தான் கேட்டார்.

நம் பக்கத்து மலைக்கு வருகிற நண்பர்களுக்கு, நான் கற்றுக்கொண்டவை:

1. காப்பகத்துக்குள் பைக் வேண்டாம். அணையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். போர்டு இருந்தால் படியுங்கள் (பார்க்காத மாதிரி போகாதீர்கள்).

2. ஓடைக்குள் உட்கார்ந்து சாப்பிடாதீர்கள். தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, மேலே இரைச்சல் கேட்டாலோ உடனே மேட்டுக்கு ஏறுங்கள். சாப்பாட்டுத் தூக்கை எடுக்கத் திரும்பிப் போகாதீர்கள்.

3. வெள்ளம் வந்த ஓடையைக் கடக்காதீர்கள். காட்டாறு வந்த வேகத்திலேயே வடியவும் செய்யும். சில மணி நேரம் காத்திருந்தால் உயிர் மிச்சம்.

4. மாசியிலிருந்து சித்திரை வரை காய்ந்த புல் காட்டுக்குள் போகவே போகாதீர்கள். எந்த மாதமும் தீப்பெட்டி, சிகரெட், சூடம் வேண்டாம்.

5. எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். மேலே செல்போனில் டவர் கிடைக்கும் என்று நம்பாதீர்கள்.

6. வழியில் மாடு மேய்க்கும் பெரியவரோ பளியரோ "போகாதீக" என்றால் போகாதீர்கள். அவரிடம் காரணம் கேட்டு வாதாடாதீர்கள்.

அன்றைக்குச் சாவியை வாங்கிக்கொண்டு கீழே இறங்கி, அணை முன்னால் டீ குடித்தோம். வெயில் அப்படியே அடித்துக்கொண்டிருந்தது. முணுமுணுத்த நண்பன் "பாத்தியா, ஒரு மழையும் இல்ல" என்றான். டீ காலியாகும் நேரத்தில் அணைக்கு வருகிற ஓடையை எட்டிப் பார்த்தோம். வரும்போது பாறையாகக் கிடந்த இடத்தில், கணுக்கால் அளவுக்குச் செம்மண் கலரில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

அவன் அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.